அழித்துவிட்டு மீண்டும் நிறுவும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலி முடங்கிவிட்டது என்று வாசகர் கேட்டால், நாளிதழ்களின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதிகளில் வரும் விடை அநேகமாக ஒன்றுதான்: கேச்சியை (செயலி விரைவுக்காகச் சேமித்துவைக்கும் தற்காலிகத் தரவை) அழியுங்கள், சரியாகாவிட்டால் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். அவசரத்துக்கு அது கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிழை ஏன் வந்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்தக் கேச்சியிலும், செயலி தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளிலும், பழைய அமைப்புகளிலும்தான் கிடக்கிறது. அதையெல்லாம் துடைத்தபின் 'செயலி சரியில்லை' என்று எழுதினால், உருவாக்கியவர் எதைப் பார்த்துத் திருத்துவார்? பிழை இருந்த இடத்திலேயே இருக்கும், சில நாளில் மறுபடி தலைகாட்டும், மறுபடி அழிப்போம். அந்த விடைகளோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை: அழிக்கும் முன் பதிப்பு எண், நேரம், திரையில் வந்த வாசகம் மூன்றையும் குறித்துக்கொண்டு, உருவாக்கியவருக்கு எழுதுங்கள். எப்படி எழுதினால் பயன்படும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்தருள்க.

புகார் கைக்கு வந்ததும் டெவலப்பர் செய்யும் முதல் வேலை, அந்தப் பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்ப்பது. வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வராவிட்டால் புகார் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் 'எங்களிடம் அப்படி நடக்கவில்லை' என்ற குறிப்போடு மூடப்படும். அப்பாச்சி, எக்லிப்ஸ், மொசில்லா ஆகிய மென்பொருள் திட்டங்களின் டெவலப்பர்களிடமும் புகார் எழுதியவர்களிடமும் கருத்துக் கேட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டெவலப்பர்களுக்கு மிகவும் உதவுபவை பிழையை வரவழைக்கும் படிகளும், நிரல் முறிந்த இடத்தைக் காட்டும் ஸ்டாக் டிரேஸும். பயனர்களுக்குத் தருவதற்கு மிகக் கடினமானவையும் அவையே. ஸ்டாக் டிரேஸை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. படிகளை, கடினமென்றாலும், கொஞ்சம் பழகினால் எவராலும் எழுத முடியும்.

படிகளை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். 'சேமி பொத்தானை அழுத்தினேன், மூடிக்கொண்டது' என்பது கடைசிப் படி மட்டும். செயலியை முழுவதுமாக மூடித் திறந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும். புதிய கோப்பா, ஏற்கெனவே இருந்த கோப்பா? மெனுவிலிருந்து சேமித்தீர்களா, விசைப்பலகைக் குறுக்குவழியாலா? இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். நிரலுக்குள் அவை இரண்டு வேறு பாதைகளாக இருக்கலாம். ஒன்றில் மட்டும் ஓட்டை இருக்கலாம். பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே எழுதுங்கள். தட்டச்சு செய்ததை எழுத்து மாறாமல் தாருங்கள், முன்னும் பின்னும் விழுந்த இடைவெளி உட்பட. எழுதி முடித்ததும், எழுதியதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் நீங்களே ஒருமுறை நடத்திப் பாருங்கள். பிழை வரவில்லையென்றால் ஏதோ ஒரு படி கைப்பழக்கத்தில் நடந்து, எழுத்தில் விடுபட்டிருக்கிறது.

விடுபடுவது சில சமயம் வேகமாகவும் இருக்கும். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நடந்தன. நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், இறப்புகளும் நேர்ந்தன. 1986இல் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒற்றை வரி மட்டுமே. முதல் விபத்துக்குப்பின் வந்து பார்த்த உற்பத்தியாளரின் பொறியாளர்களால் பிழையை வரவழைக்க முடியவில்லை. இரண்டாவது விபத்துக்குப்பின் மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் உட்கார்ந்து, அன்று செய்ததை அப்படியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். உள்ளீட்டைத் தவறாகப் பதிந்துவிட்டு, கை தேர்ந்த ஒருவர் திருத்தும் வேகத்தில் சில நொடிகளுக்குள் திருத்தினால்தான் அது வந்தது. இதைச் சொன்ன பிறகும், வேகமாகச் செய்ய வேண்டும் என்று விளக்கிய பின்னரே உற்பத்தியாளரால் தன் இயந்திரத்தில் அதை வரவழைக்க முடிந்தது. எனவே 'உடனே அழுத்தினேன்', 'பக்கம் முழுதாக வருமுன் அழுத்தினேன்', 'ஐந்து நிமிடம் அப்படியே விட்டிருந்தேன்' போன்றவை அற்ப விவரங்கள் அல்ல. போனைத் திருப்பிப் பிடித்தது, நடுவில் அழைப்பு வந்தது, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியது எல்லாம் படிகளே.

படிகளுக்குப்பின் இரண்டு வரிகள் வேண்டும்: என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. முதலாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சொல்லாமலே தெரியும் என்று நினைத்து. பட்டியல் அகரவரிசையில் வந்திருக்கிறது என்று மட்டும் எழுதினால், அப்படி வரத்தானே செய்தோம் என்பார் டெவலப்பர். தேதி வரிசையில் வரும் என்று எதிர்பார்த்தேன், உதவிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றால் பேச்சு வேறு.

அடுத்தது சுருக்குதல். தேர்ந்த சோதனையாளரின் புகாரும் மற்றவர் புகாரும் பிரியும் இடம் இதுதான், ஆகவே ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். லினக்ஸ் கணினியில் ஒருவர் உரை எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார். தமிழில் தலைப்பு வைத்த கோப்புகள் சில சமயம் சேமிக்க மறுக்கின்றன. அவர் எழுதும் முதல் புகார், 'தமிழ்ப் பெயர் வைத்தால் கோப்பைச் சேமிக்க முடியவில்லை, தமிழ் என்றால் இவ்வளவு அலட்சியமா' என்று இருக்கும். டெவலப்பர் 'வணக்கம்' என்ற பெயரில் ஒரு கோப்பைச் சேமித்துப் பார்ப்பார், சேமிக்கும், புகாரை மூடிவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அதே ஆள் கால் மணி நேரம் செலவிட்டால் என்ன ஆகும்? கோப்பின் உள்ளடக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு வெற்றுக் கோப்பைச் சேமித்துப் பார்க்கிறார், அப்போதும் மறுக்கிறது. ஆக, உள்ளடக்கத்துக்குச் சம்பந்தமில்லை. மறுத்த பெயரைப் பாதியாக வெட்டுகிறார். முதல் பாதி சேமிக்கிறது, இரண்டாம் பாதியும் தனியே சேமிக்கிறது. ஆக, குறிப்பிட்ட எழுத்து எதுவும் காரணமில்லை, நீளம்தான் சந்தேகத்துக்குரியது. பெயரை விட்டுவிட்டு 'அ' என்ற ஒரே எழுத்தை வரிசையாக அடித்து, புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்தும் கொண்ட வழக்கமான நீட்டிப்போடு சேமிக்கிறார். 83 அகரம் வரை சேமிக்கிறது. 84 ஆனால் மறுக்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் அதையே செய்தால் 251 வரை சேமிக்கிறது. 252 ஆனால் மறுக்கிறது. இப்போது அவர் எழுத வேண்டியது இந்த நான்கு எண்களையும், மறுக்கும்போது வரும் வாசகத்தையும் மட்டுமே. பார்த்த மாத்திரத்தில் டெவலப்பருக்கு விளங்கிவிடும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு). எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 83 அகரத்துக்கு 249, நீட்டிப்புக்கு 4, மொத்தம் 253. இன்னொரு அகரம் சேர்ந்தால் 256. வரம்பை மாற்ற மென்பொருளால் முடியாது. ஆனால் சேமிக்கும் முன்பே பெயர் நீளம் என்று எச்சரிக்கலாம், தலைப்பைத் தானாகவே கோப்புப் பெயராக்கும் இடத்தில் அளவோடு வெட்டலாம். பைட் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் இந்தப் புகாரை எழுதியிருக்க முடியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. (உண்மையான பெயர்களில் கணக்கு இன்னும் சீக்கிரம் நிரம்பும், 'கி', 'க்' போன்றவை ஒவ்வொன்றும் இரண்டு குறியீடுகள், அதாவது 6 பைட்.)

பாதியாக வெட்டு, பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார், அதை மறுபடி வெட்டு என்ற இந்த முறையைக் கணினியைக் கொண்டே செய்ய வைத்தவர் ஜெர்மானிய ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் செல்லர். மொசில்லா உலாவியை முறியச் செய்த 896 வரி எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) பக்கத்தை அவருடைய கருவி பிழைக்குக் காரணமான ஒரே வரியாகக் குறைத்தது. பயனர் செய்த 95 செயல்களை 3 ஆகக் குறைத்தது. கையால் செய்யும்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 40 தாள்கள் உள்ள விரிதாளை அனுப்புவதற்குப் பதில், ஒரு தாளில் மூன்று வரி உள்ள கோப்பில் அதே பிழையைக் காட்டினால் போதும். அலுவலக ரகசியமும் அதில் போகாது.

சூழல் விவரங்களைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள்: 'லேட்டஸ்ட் வெர்ஷன்' என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுதும் நாளில் எது கடைசியோ அது படிக்கும் நாளில் கடைசியாக இருக்காது. செயலிகள் பலருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதுமில்லை. எண்ணையே எழுதுங்கள், புள்ளிகளோடு முழுவதும். ஆண்ட்ராய்டில் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' பக்கத்துக்குப் போனால் அடியில் பதிப்பு எண் இருக்கும். போனின் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் அமைப்புகளில் 'அபவுட் ஃபோன்' பகுதியில். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி 'வின்வெர்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் பதிப்பும் பில்டு எண்ணும் வரும். ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவின் பிழைதீர்ப்புத் தகவல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நகலெடுத்துத் தரும். இணையதளப் பிழை என்றால் உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் ஒருமுறை, வேறொரு உலாவியில் ஒருமுறை செய்து பாருங்கள். மறைநிலையில் பிழை வரவில்லையென்றால் உலாவியில் சேர்த்த நீட்சிகளோ (எக்ஸ்டென்ஷன்), தளம் உலாவியில் விட்டுவைத்த பழைய குக்கியோ கேச்சியோ காரணமாக இருக்கலாம். அந்த ஒரு தகவலே தேடும் பரப்பைப் பெருமளவு குறைத்துவிடும். சர்வரோடு பேசும் எந்தச் சேவையானாலும் பிழை வந்த நேரத்தை நிமிடம் வரை, நேர மண்டலத்தோடு குறியுங்கள். அந்தப் பக்கத்தில் லாக் கோப்பு லட்சக்கணக்கான வரிகள் கொண்டது. 'நேற்று மாலை' என்று சொன்னால் யாரும் தேடப் போவதில்லை.

பிழை வாசகத்தை எழுத்தாகவே அனுப்புங்கள், படமாக மட்டும் அல்ல. படத்துக்குள் தேட முடியாது. எழுத்தாக இருந்தால் நிரலுக்குள் அந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று நொடியில் தேடிவிடலாம். விண்டோஸில் வழக்கமான எச்சரிக்கைப் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் தலைப்பு, வாசகம், பொத்தான்கள் அனைத்தும் எழுத்தாக நகலாகும். ஆண்டுக்கணக்கில் கணினி பயன்படுத்துபவர்கள் பலருக்கும் இது தெரியாது. தளவமைப்பு சிதைவு, எழுத்து உடைவு, நிறம் மாறுவது போன்றவற்றுக்குப் படம் கட்டாயம். அசைவு சம்பந்தப்பட்டதென்றால் அரை நிமிடத் திரைப்பதிவு. இன்னொரு கைபேசியால் திரையைப் புகைப்படம் எடுப்பது கணினியே உறைந்துபோன நேரத்துக்கு மட்டும் ஆகட்டும்.

தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட பிழைகளில் படமும் வேண்டும், எழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் புகார் அரைகுறைதான். காரணம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே ஒன்றாக இருப்பதில்லை. 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுத் தரமான யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் அந்த விதியைக் கவனிக்காத தேடல் பெட்டியில் ஒன்றை அடித்தால் மற்றது கிடைக்காது. ஔகாரத்தை ஒரே எழுத்தாக அடித்தவரும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தவரும் திரையில் ஏறக்குறைய ஒன்றையே பார்ப்பார்கள். 'ஸ்ரீ' என்பது ஸகரத்தாலும் எழுதப்படுகிறது. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதப்படுகிறது. எனவே 'தேடினால் பெயர் வரவில்லை' என்று புகார் சொல்பவர் தேடிய சொல்லையும், பட்டியலில் உள்ள சொல்லையும், இரண்டையும் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்ட வேண்டும். திரும்பத் தட்டச்சு செய்தால் பிழையே காணாமல் போய்விடும். எந்த விசைப்பலகைச் செயலி, தமிழ்99 முறையா ஒலிபெயர்ப்பு முறையா, எந்த எழுத்துரு என்பதையும் சேர்க்க வேண்டும். இதெல்லாம் அதிகப்படியான நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு: 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களில் செய்திச் செயலிகளை முறியச் செய்தது, ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுச் சரிசெய்தது. எந்த எழுத்து என்று துல்லியமாகச் சுட்டினால்தான் இத்தகைய பிழையைப் பிடிக்க முடியும்.

வந்தும் வராமலும் போக்குக்காட்டும் பிழைதான் எல்லோருக்கும் தலைவலி. 'எப்போதாவது வருகிறது' என்பதை எண்ணாக்குங்கள்: 20 முறை செய்தேன், 2 முறை வந்தது. வந்த முறைகளில் பொதுவாக எது இருந்தது, வராத முறைகளில் எது இல்லை என்று பாருங்கள். பேட்டரி சேமிப்பு, மெதுவான இணைப்பு, நள்ளிரவு, மாதக் கடைசி நாள். திருத்தம் வந்தபின் சோதிப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. பத்தில் ஒருமுறை வரும் பிழை சரியாகிவிட்டதா என்று பத்து முறை செய்து பார்த்து, வரவில்லை என்று மகிழ்ந்தால், பிழை அப்படியே இருந்தும் அந்தப் பத்து முறையும் தற்செயலாக வராமல் போக 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர 29 முறை செய்தாக வேண்டும். பொறுமை இல்லையென்றால் பத்து முறை மட்டுமே பார்த்தேன் என்று எழுதிவிடுங்கள், அதுவும் நேர்மையான தகவல்.

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கும் இதே நியாயம். எத்தனை நொடி, முன்பு எத்தனை நொடி, எத்தனை வரி உள்ள கோப்பில்? 100 வரியில் 1 நொடி, 200 வரியில் 4 நொடி, 400 வரியில் 16 நொடி என்று மூன்று அளவு தந்தால், அளவு இரட்டிக்கும்போது நேரம் நான்கு மடங்காகிறது என்பது தெரிந்து, எந்த மாதிரியான நிரல்வரியைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற டெவலப்பர் தன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டினார். உலகெங்கும் லினக்ஸ் அமைப்புகளில் உள்ள எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவிக்குள் யாரோ பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்றை வைத்திருந்தது அம்பலமானது. 29ஆம் தேதி அவர் வெளியிட்ட அறிக்கையில் தாமதத்தின் அளவுகள், பாதிக்கப்பட்ட பதிப்புகள், சந்தேகத்துக்கிடமான வரிகள், தான் உறுதி செய்யாதவை என எல்லாம் இருந்தன. லினக்ஸைத் தொகுத்து வழங்கும் பல விநியோகங்கள் அந்தப் பதிப்பை உடனே திரும்பப் பெற்றன.

லாக் கோப்புகளைச் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. உலாவியில் எஃப்12 அழுத்தினால் வரும் கருவிகளில் 'நெட்வொர்க்' பகுதி, பக்கம் போய்வந்த அனைத்தையும் பதிவு செய்யும். பிழையை வரவழைக்கும் முன்பே அதைத் திறந்து, 'பிரிசர்வ் லாக்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் மாறியதும் பதிவு அழிந்துவிடும். அந்தப் பதிவை எச்ஏஆர் கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்வார்கள். அதற்குள் குக்கிகளும் நுழைவு டோக்கன்களும் இருக்கக்கூடும். கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைய அவை போதும். 2023இல் ஓக்டா என்ற அடையாளச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் பிழை தீர்ப்பதற்காகப் பதிவேற்றியிருந்த இத்தகைய கோப்புகளிலிருந்து டோக்கன்களை எடுத்துத்தான் சில நிறுவனங்களின் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். பதிவெடுத்து முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் பழைய டோக்கன் செல்லாததாகிவிடும். ஆண்ட்ராய்டில் 'அபவுட் ஃபோன்' பகுதியில் உள்ள பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் திறக்கும் டெவலப்பர் பகுதியில் 'பக் ரிப்போர்ட்' எடுக்கும் வசதி இருக்கிறது. அது தரும் சிப் கோப்பில் நீங்கள் நிறுவிய செயலிகளின் பட்டியலிலிருந்து கணக்கு விவரம் வரை இருக்கலாம். பொது இடத்தில் ஒட்டாதீர்கள், கேட்ட டெவலப்பருக்குத் தனியாக மட்டும் அனுப்புங்கள். கிராஷ் ஆனபோது நினைவகத்தை அப்படியே கொட்டிவைக்கும் டம்ப் கோப்புகளுக்கும் இதுவே.

திரையைப் பிடித்த படங்களில் (ஸ்கிரீன்ஷாட்) பெயரையும் எண்களையும் மறைக்க மங்கலாக்குவது போதாது, கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் போதாது. இரண்டிலிருந்தும் எழுத்தை மீட்டெடுக்கும் வழிகள் உண்டு. கெட்டிக் கறுப்பால் மூடுங்கள். வெட்டியெடுத்த படத்தையும் முழுக்க நம்ப வேண்டாம்: கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவி, வெட்டிய பகுதியின் தரவைக் கோப்பின் வாலிலேயே விட்டுவைத்திருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. வெட்டி மறைத்த பகுதிகளை அதிலிருந்து ஓரளவு மீட்க முடிந்தது.

நீங்கள் கண்ட பிழையால் அடுத்தவர் கணக்கைப் பார்க்க முடிகிறது, பணம் கட்டாமல் கட்டியதாகக் காட்ட முடிகிறது என்றால் அதைப் பொதுவில் எழுதவே கூடாது. பல தளங்கள் இதற்கென ஒரு தொடர்பு முகவரியை 'செக்யூரிட்டி' என்ற பெயருள்ள உரைக் கோப்பில் வைத்திருக்கின்றன. அதன் வடிவம் 2022இல் ஆர்எஃப்சி 9116 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வரையறுக்கப்பட்டது. மென்பொருள்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலில் இருந்த, உலகையே கலக்கிய ஓட்டையை அலிபாபாவின் பாதுகாப்புக் குழு 2021 நவம்பர் 24 அன்று அதைப் பராமரிக்கும் அப்பாச்சிக்குத் தனிப்பட்ட முறையில்தான் தெரிவித்தது. அடுத்தவர் தரவைத் தோண்டிப் பார்த்து 'நிரூபிக்க' வேண்டாம். உங்களுடைய இரண்டு சோதனைக் கணக்குகளுக்குள் செய்து காட்டினால் போதும். அதைத் தாண்டினால் உதவப் போனவர் சட்டச் சிக்கலில் மாட்டுவார்.

மற்றவை சில்லறை விஷயங்கள், ஆனாலும் தவறினால் வேலை கெடும். ஒரு புகாரில் ஒரு பிழை. மூன்றை ஒன்றாக எழுதினால் ஒன்று திருந்தியதும் புகார் மூடப்பட்டு மற்ற இரண்டும் மறக்கப்படும். தலைப்பில் எங்கே, எதைச் செய்தால், என்ன ஆகிறது என்ற மூன்றும் இருக்கட்டும்: 'ஏற்றுமதி: பெயரில் அடைப்புக்குறி இருந்தால் வெற்றுக் கோப்பு வருகிறது'. 'அவசரம்!!!' என்ற தலைப்பால் எதுவும் அவசரமாவதில்லை. எழுதும் முன் ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள், மூடப்பட்ட புகார்களையும் சேர்த்து. தேடும்போது பிழை வாசகத்திலிருந்து உங்கள் கோப்பின் பெயர், எண்கள் போன்றவற்றை நீக்கிவிட்டு மாறாத பகுதியை மட்டும் இடுங்கள். ஏற்கெனவே இருந்தால் 'எனக்கும்' என்று மட்டும் எழுதுவது படிப்பவர்களின் அஞ்சல்பெட்டியை நிரப்புவதைத் தவிர ஒன்றும் செய்யாது. உங்கள் பதிப்பு எண்ணும், படிகளில் உள்ள வேறுபாடும் இருந்தால் சேருங்கள். காரணம் இதுவாக இருக்கலாம் என்று தோன்றினால் சொல்லலாம், கடைசியில், ஊகம் என்று குறிப்பிட்டு. 'டேட்டாபேஸ் கோளாறு' என்று தொடங்கினால் டெவலப்பர் டேட்டாபேஸில் இரண்டு நாளை வீணடிப்பார். செயலிக் கடையில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து நான்கு வார்த்தை திட்டுவது மனதுக்கு ஆறுதலாக இருக்கலாம். அங்கே படிகளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள இடமில்லை. சமூக ஊடகத்தில் நிறுவனத்தைக் குறிச்சொல்லிட்டுப் புகார் எழுதினால் சில நிமிடங்களில் 'உதவி மையம்' என்று சொல்லிக்கொண்டு போலிகள் வந்துவிடுவார்கள். ஓடிபி கேட்பவர், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர் எவரும் டெவலப்பர் இல்லை. புகாருக்கான வழி செயலிக்குள்ளேயே உதவிப் பகுதியில் இருக்கும்; நிரல்வரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளென்றால் கிட்ஹப், கிட்லாப், பக்ஸில்லா போன்ற இடங்களில் இருக்கும்.

அனுப்பியபின் காணாமல் போய்விடாதீர்கள். 'கூடுதல் தகவல் தேவை' என்று நிலை மாறி, பதில் வராமல் தானாக மூடப்படும் புகார்கள் ஏராளம். முன்பு சரியாக இருந்து இப்போது கெட்ட பிழையானால், கடைசியாகச் சரியாக இருந்த பதிப்பையும் முதலில் கெட்ட பதிப்பையும் சொல்வது மற்ற பல விவரங்களைவிட மேலானது. இரண்டு பதிப்புகளுக்கு இடையே 1000 மாற்றங்கள் நடந்திருந்தாலும் நடுவில் வெட்டி வெட்டிச் சோதித்தால் ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். நிரலில் நடந்த மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவியில் 'பைசெக்ட்' கட்டளை இதற்காகவே உள்ளது. திருத்தம் வந்ததும் அதே படிகளைச் செய்து, எந்தப் பதிப்பில் சரியாயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். 'இது வடிவமைப்பின்படியே' என்று பதில் வந்தால், அதைப் பிழை என்று வாதாடுவதைவிட, அந்த வடிவமைப்பால் எந்த வேலை எப்படித் தடைபடுகிறது என்று புதிய கோரிக்கையாக எழுதுவது பலன் தரும்.

இவ்வளவையும் பயனர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பிழை வாசகத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாதபடி வைத்திருக்கும் செயலிகள் இன்றும் உள்ளன. 'ஏதோ தவறாகிவிட்டது, பின்னர் முயல்க' என்று மட்டும் காட்டுபவையும் உள்ளன. அதனடியில் ஒரு குறிப்பு எண்ணும் நேரமும் சேர்ப்பது பெரும்பாலும் சிறிய வேலை. 'பிழையைத் தெரிவி' என்ற பொத்தானை அழுத்தியதும் செயலியின் பதிப்பு, இயங்குதளத்தின் பதிப்பு, சாதன மாடல் மூன்றும் தாமாகவே நிரம்ப வேண்டும், என்ன அனுப்பப்படுகிறது என்பதைப் பயனர் படித்து நீக்கும் வசதியோடு. 30 நாள் அசைவில்லை என்று புகாரைத் தானியங்கியால் மூடுபவர்கள், அந்த 30 நாளில் பதில் சொல்ல வேண்டிய முறை யாருடையது என்று பார்த்துவிட்டு மூடட்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைத் துறையில் பணிபுரியும் வாசகர்